ஜீப்பைத் தூக்காமல் நின்ற பையன்

போன வாரம் போடிநாயக்கனூரிலிருந்து ஒரு தம்பதி, மகனை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று கேட்க, அவனோடு என்னிடம் வந்திருந்தார்கள். அப்பாவுக்கு ஏலக்காய் வியாபாரம். மலைக்கு அந்தப் பக்கம், பூப்பாறையில் ஒன்றரை ஏக்கர் தோட்டமும் உண்டு. பையன் பிளஸ் டூவில் கணிதப் பிரிவு, 74 சதவீதம். பெங்களூரில் இருக்கும் தாய்மாமன் தினமும் போன் போட்டு, கம்ப்யூட்டர் சயின்ஸ் தவிர வேறு எதிலும் சேர்க்கக் கூடாது என்கிறாராம். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்காகத் தோட்டத்தை அடமானம் வைக்கப் பேச்சு முடிந்துவிட்டது. பையனோ தீயணைப்புத் துறை என்கிறான்.

"இவனுக்குப் பொறுப்பே கிடையாது சார்" என்று அப்பா ஒரு சம்பவத்தைச் சொன்னார். போன வருடம் போடிமெட்டு மலைப்பாதையில், தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப் ஒன்று கவிழ்ந்தது. எல்லோரும் ஜீப்பைத் தூக்க ஓடியபோது இவன் மட்டும் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தானாம்.

பையனிடம் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னான்: "மேல வளைவுக்கு ஒருத்தனையும் கீழ வளைவுக்கு ஒருத்தனையும் வண்டிய நிறுத்தச் சொல்லி அனுப்புனேன் சார். யாராச்சும் 108-க்கு அடிங்கன்னா ஒருத்தரும் அடிக்க மாட்டாங்க. அதான் ஒருத்தரப் பேரு சொல்லிக் கூப்பிட்டு அடிக்கச் சொன்னேன். கல்லு முட்டுக் கொடுக்காம தூக்குனா உள்ள இருக்கவங்க மேல சரிஞ்சிரும்னு கத்துனேன்."

அதுவரை ஆறுதலாகப் பேசிக்கொண்டிருந்தேன். அதோடு நிறுத்திவிட்டு அப்பாவிடம் சொன்னேன். அண்ணே, நீங்கள் வேடிக்கை என்று சொல்வதற்குத் தனிப் பயிற்சியே இருக்கிறது. தீயணைப்பு அதிகாரி கற்றுக்கொள்ளும் மிகக் கடினமான பாடம், தானே குழாயைப் பிடிக்க ஓடாமல் இருப்பது. குழாயைப் பிடித்துவிட்டால் அவர் கண்ணுக்குத் தெரிவது முன்னால் இருக்கும் ஒரு சுவர்தான். பின்பக்கம் கூரை இறங்குவதை யார் பார்ப்பது?

வண்டியை விட்டு இறங்கியதும் அதிகாரி முதலில் கட்டடத்தை முடிந்தவரை சுற்றிப் பார்க்கிறார். புகை என்ன நிறம், எங்கிருந்து வருகிறது, உள்ளே ஆள் உண்டா, கேஸ் சிலிண்டர் உண்டா, தண்ணீர் எவ்வளவு நேரம் வரும் என்று கணக்குப் போடுகிறார். அப்புறம் வேலையைப் பிரிக்கிறார். ஒருவரின் நேரடிக் கட்டுப்பாட்டில் மூன்று முதல் ஏழு பேர், முடிந்தால் ஐந்து பேர் என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் அளவு. அதற்கு மேல் போனால் இடையில் ஒரு தலைவரை நியமிக்க வேண்டும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்த அடிப்படையில் அமைந்ததுதான். வாக்கி டாக்கியில் உத்தரவு கொடுத்தால், கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் உத்தரவு போய்ச் சேரவில்லை என்றே எடுத்துக்கொள்வார்கள்.

காற்றுக்கும் கணக்கு உண்டு. புகைக்குள் போகிறவர் முதுகில் மாட்டும் பி.ஏ. செட் என்ற சுவாசக் கருவியில் 6 லிட்டர் சிலிண்டர், 300 பார் அழுத்தம், அதாவது வெளிக்காற்றைப் போல ஏறக்குறைய 300 மடங்கு என்று வையுங்கள். 1800 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்றால் 45 நிமிடம். படியேறினால், ஆளைத் தூக்கினால், பயந்தால் அதற்கு முன்பே தீர்ந்துவிடும். அதனால் உள்ளே போகிற ஒவ்வொருவரின் பெயர், நேரம், அழுத்தம் மூன்றையும் வாசலில் ஒருவர் பலகையில் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பலகையைப் பார்த்து, "போதும், வெளியே வா" என்று சொல்லும் தைரியம்தான் தலைமை. காப்பாற்றக்கூடிய உயிர் இருந்தால் ஆபத்தை ஏற்கலாம், வெறும் சரக்குக்காக ஆளை உள்ளே அனுப்பக் கூடாது என்று பிரித்துப் பார்க்கவும் பழக்குகிறார்கள்.

கேரி க்ளைன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் தீயணைப்பு அதிகாரிகளை ஆராய்ந்தார். அனுபவசாலிகள் பெரும்பாலும் பல வழிகளை வரிசைப்படுத்தி ஒப்பிடுவதில்லை. பார்த்த மாத்திரத்தில், இது இன்ன மாதிரி என்று அடையாளம் கண்டு முடிவெடுக்கிறார்கள் என்றார். மேசைமேல் வரைபடத்தை விரித்து மாதிரி விபத்துகளைத் திரும்பத் திரும்பப் பயிற்சி செய்வதற்கு இதுதான் காரணம். உங்கள் பையன் பயிற்சியே இல்லாமல் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான் அண்ணே.

கம்ப்யூட்டர் படிப்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அதைச் சொல்ல ஊரே இருக்கிறது. நான் சொல்வது உங்கள் மலைக்கு அந்தப் பக்கம். மூணாறு வழியாக இறங்கினால் கொச்சி. அங்கே களமசேரியில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சுருக்கமாக குசாட். அரசுப் பல்கலைக்கழகம். பாதுகாப்பு மற்றும் தீயணைப்புப் பொறியியலில் அங்கே பி.டெக். இருக்கிறது, அவர்களே நடத்தும் 'கேட்' (CAT) நுழைவுத் தேர்வு மூலம் சேரலாம். பிற மாநிலத்தவருக்கும் இடம் உண்டு. நாக்பூரில் மத்திய அரசின் தேசியத் தீயணைப்புக் கல்லூரி 1950-களிலிருந்து நடக்கிறது. அங்கும் தீயணைப்புப் பொறியியல் பட்டம் உண்டு, அதற்கும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

இரண்டும் கிடைக்காவிட்டாலும் குடி முழுகிப் போகாது. பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கட்டும். தமிழ்நாட்டில் பட்டதாரிகள் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுதி நேராகத் தீயணைப்பு நிலைய அலுவலர் ஆகலாம். குரூப் 1 எழுதினால் அதே துறையில் மாவட்ட அலுவலர் பதவியே இருக்கிறது. சுத்திகரிப்பு ஆலை, துறைமுகம், விமான நிலையம் எல்லாவற்றுக்கும் தீயணைப்புப் பிரிவு வேண்டும்.

ஆனால் ஊருக்கு ஊர் போர்டு வைத்திருக்கும் ஆறு மாத 'ஃபயர் அண்ட் சேஃப்டி' டிப்ளமோ பக்கம் போகவே போகாதீர்கள். அந்தச் சான்றிதழை வைத்து நிலைய அலுவலர் ஆக முடியாது. பணம் கட்டிவிட்டு வந்து என் முன்னால் அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், முதல் வேலையாகப் பையனின் கண்ணைப் பரிசோதித்துவிடுங்கள். சீருடைப் பணிக்குப் பார்வையும் உயரமும் பார்ப்பார்கள். குறை இருந்தால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

அம்மா அதுவரை பேசவே இல்லை. "உள்ள போகணுமா சார் இவன்?" என்று மட்டும் கேட்டார். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போக வேண்டிய நாளும் வரும் அக்கா. 2012 ஜனவரியில் சென்னை எழிலகத் தீயில் தீயணைப்புத் துறையைச் சேர்ந்த ஒருவர் இறந்தார், அதிகாரி பிரியா ரவிச்சந்திரன் தீக்காயம் பட்டார். குரங்கணிக் காட்டுத்தீயில் 2018-இல் என்ன நடந்தது என்பதை உங்கள் ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தீ மேட்டைப் பார்த்து எவ்வளவு வேகமாக ஏறும் என்று அன்று எல்லோரும் பார்த்தோம். பயந்தால் தப்பில்லை. ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்பு வாரம், அப்போது செயல்விளக்கம் காட்டுவார்கள். மகனோடு நீங்களும் போய் நின்று பாருங்கள், அங்கிருக்கும் அதிகாரியிடம் நேரடியாகக் கேளுங்கள். அதன் பிறகும் மனசு ஒப்பவில்லை என்றால் வாருங்கள், மறுபடி பேசுவோம்.

தோட்டப் பத்திரம் மட்டும் பீரோவை விட்டு வெளியே வரக் கூடாது. பையனுக்குப் பிடிக்காத படிப்புக்கு, இருக்கிற ஒன்றரை ஏக்கரை வைத்து வட்டி கட்ட நான் சம்மதிக்க மாட்டேன். தாய்மாமன் கோபப்பட்டால் அவருடைய நம்பரை என்னிடம் கொடுங்கள், நானே பேசுகிறேன்.