மஞ்சள் மிதவை இடம் மாறியது ஏன்?

வணக்கம் தம்பி. 'வங்கக் கடலில் மஞ்சள் மிதவை ஒன்று. போன மாதம் பார்த்த இடத்திலிருந்து 2 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. அறுந்துவிட்டதா? அதில் படகைக் கட்டலாமா?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

அறுந்திருக்க வேண்டியதில்லை. பி.டி. (BD) என்ற எழுத்தும் எண்ணும் இருந்ததாகச் சொல்கிறீர்கள். அப்படியானால் அது சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் தரவு மிதவை, அதாவது காற்று, அலை அளக்கும் மிதவை. வங்கக் கடலுக்கு பி.டி., அரபிக் கடலுக்கு ஏ.டி. இரவில் பார்த்தால் 20 விநாடிக்கு ஒருமுறை அதன் மஞ்சள் விளக்கு ஐந்து தடவை மின்னும். பச்சையும் சிவப்பும் துறைமுக வாய்க்கால் சமாச்சாரம், இதற்குச் சம்பந்தமில்லை.

ஆழ்கடலில் கயிற்றை விறைப்பாகக் கட்டுவதில்லை. மேல்பாதி நீரில் அமிழும் நைலான், கீழ்ப்பாதி மிதக்கும் பாலிப்புரொப்பிலீன். அதனால் உபரிக் கயிறு தரையில் உரசாமல் நடுநீரில் வளைந்து நிற்கும். 3000 மீட்டர் ஆழத்துக்கு 3300 மீட்டர் கயிறு என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்: நங்கூர எடைக்கு நேர்மேலே இருந்து எந்தத் திசையிலும் சுமார் 1375 மீட்டர் வரை போகலாம். நீரோட்டம் திரும்பினால் 2 கிலோமீட்டர் வித்தியாசம் சாதாரணம். மணிக்கு மணி ஒரே திக்கில் போய்க்கொண்டே இருந்தால்தான் அறுந்தது என்று அர்த்தம். அப்போது எண்ணையும் இடத்தையும் குறித்துக் கடலோரக் காவல் படைக்குச் சொல்லுங்கள்.

படகைக் கட்டவே கூடாது. அடியில் சூரை மீன் கூடும் என்பது உண்மைதான், ஆசை புரிகிறது. ஆனால் படகின் இழுவையில் கயிறு தேயும், நங்கூரம் நகரும், உணர்கருவிகள் நொறுங்கும். உங்களுக்கு வரும் புயல் எச்சரிக்கைக்கு அதன் காற்று, அலை அளவுகளும் போகின்றன. தூண்டில் போடுவதென்றாலும் நன்றாக விலகி நின்று போடுங்கள்.