காரீயம் இல்லாத பியசோ: சுங்கை சிப்புட் கேள்வி பதில்

பினாங்கில் ஸ்கேன் கருவிக்கு ஒலித்தலை (உடம்பின் மேல் வைத்து ஒலி அனுப்பும் பகுதி) செய்யும் தொழிற்சாலையில் 19 வருஷம், அப்புறம் ஓர் ஆய்வுக்கூடத்தில் 6 வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள் நான். காரீயம் இல்லாத பியசோ பொருள்கள், அவற்றில் செய்யும் சின்னஞ்சிறு உயிரி உணரிகள் (இரத்தம், உமிழ்நீரில் நோய்க்கிருமியின் தடயம் தேடும் கருவிகள்) பற்றி நம் ஊர்க்காரர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும் இவை.

படிவம் 4 மாணவன்: அக்கா, பியசோ என்றால் என்ன?

உங்கள் வீட்டு கேஸ் லைட்டரை அமுக்கினால் 'டக்' என்று பொறி வருகிறது இல்லையா? உள்ளே சுண்டுவிரல் நகத்தளவு பீங்கான் துண்டு ஒன்று இருக்கிறது. அதை அடித்தால் மின்சாரம் வரும். 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்டது இது. திருப்பிப் போட்டாலும் வேலை செய்யும்: மின்சாரம் கொடுத்தால் அது அதிரும். காதுக்குக் கேட்காத வேகத்தில் அதிரவைத்தால் அதுதான் அல்ட்ராசவுண்ட்.

அந்தத் துண்டு பெரும்பாலும் பி.இசட்.டி. என்ற பீங்கான். அதன் எடையில் 60 விழுக்காட்டுக்கு மேல் காரீயம். பழைய லைட்டரை உடைத்து, துண்டை எடுத்து அரைக்காதே தம்பி.

ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர்: என் அப்பா ஈயலம்பத்தில் (ஈயச் சுரங்கத்தில்) வேலை செய்தவர். அம்மா ஈயச்சொம்பில் ரசம் வைத்தார். இப்போது ஈயம் விஷம் என்கிறீர்களே?

ஐயா, அது வெள்ளீயம். நான் சொல்வது காரீயம், கார் பேட்டரியில் இருப்பது. நம் பக்கம் இரண்டையும் 'ஈயம்' என்றே சொல்வதால் வரும் குழப்பம் இது. காரீயம் உடம்பில் தங்கும், பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும். ஐரோப்பாவில் 2006 ஜூலையிலிருந்து மின்னணுப் பொருள்களில் 0.1 விழுக்காட்டுக்கு மேல் காரீயம் கூடாது. பியசோ பீங்கானுக்கு விலக்கு கொடுத்தார்கள், ஈடான மாற்று இல்லை என்று.

கிளினிக் தாதி: அப்படியானால் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் செய்வது ஆபத்தா?

இல்லைம்மா. பீங்கான் ஒலித்தலைக்கு உள்ளே மூடி ஒட்டப்பட்டிருக்கிறது. வெளியே வருவது ஒலி மட்டும்தான், காரீயம் வராது. ஒலித்தலையின் முகப்பில் விரிசல் இருந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள். இதைச் சாக்காக வைத்து யாரும் ஸ்கேனுக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது.

பாலிடெக்னிக் மாணவி: இறுதியாண்டுத் திட்டத்துக்கு உயிரி உணரி செய்கிறேன். பேரியம் டைட்டனேட்டில் கால்சியமும் சிர்க்கோனியமும் கலந்த பொருளுக்கு 620 பிகோகூலம்ப் என்று படித்தேன். அதையே எடுக்கலாமா?

தங்கச்சி, ஒரு நியூட்டன் விசையில் அமுக்கினால் எவ்வளவு மின்னூட்டம் வரும் என்று காட்டும் அந்த ஓர் எண்ணைப் பார்த்துத்தான் எல்லாரும் மயங்குகிறார்கள். முதலில் உன் உணரி எடை போடுகிறதா, ஒலி அனுப்புகிறதா என்று சொல்.

எடை போடுவது என்றால் இப்படி: அதிரும் வில்லையின் தங்கப் பூச்சின் மேல், ஒரு கிருமியின் புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்புரதத்தை ஒட்டுகிறோம். டிங்கிக் கிருமியின் என்.எஸ்.1 புரதம் வந்து அதில் மாட்டினால் வில்லையின் எடை கூடும், அதிர்வெண் இறங்கும். ஜெர்மன் இயற்பியலாளர் சவர்பிரே 1959-இல் கொடுத்த கணக்குப்படி, 5 மெகாஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் வில்லையில் சதுர சென்டிமீட்டருக்கு 17.7 நானோகிராம் ஏறினாலே 1 ஹெர்ட்ஸ் இறங்கிவிடும். குவார்ட்ஸின் பிகோகூலம்ப் எண் எவ்வளவு தெரியுமா? வெறும் 2.3! கைப்பேசிக்குள் அலைவரிசை பிரிக்கும் வடிகட்டிகளில் இருக்கும் அலுமினியம் நைட்ரைடுக்கு ஏறக்குறைய 5. இரண்டிலும் காரீயம் என்றைக்குமே இருந்ததில்லை. எடை போடும் உணரிக்கு அதுவே போதும். ஆனால் இரத்தம், உமிழ்நீர் போன்ற திரவத்தில் மேலும் கீழும் அதிர்ந்தால் சக்தியெல்லாம் நீருக்குள் போய்விடும். பக்கவாட்டில் அதிரும்படி வெட்டிய வில்லையாகப் பார்த்து எடு.

ஒலி அனுப்பி எதிரொலி கேட்பதுதான் கடினம். 20 மெகாஹெர்ட்ஸில் உடம்புக்குள் அலைநீளம் 0.077 மில்லிமீட்டர், பீங்கானைக் காகிதத் தாள் அளவுக்குத் தேய்க்க வேண்டும். பி.இசட்.டி.யை அசைக்க முடியாத இடம் இது. நீ சொன்ன 620 பொருள் 2009-இல் வந்தது, எண் உண்மைதான். ஆனால் சூடு 100 டிகிரியை எட்டும் முன்பே அதன் பியசோ குணம் போய்விடும். கிருமிநீக்க அடுப்பு 121 டிகிரி. ஒரு தடவை உள்ளே வைத்து எடுத்தால் வெறும் ஓடுதான் மிச்சம்.

கே.என்.என். என்ற பொட்டாசியம் சோடியம் நியோபேட் வெப்பம் தாங்கும். 2004-இல் டொயோட்டா ஆய்வுக்கூடமும் டென்சோவும் சேர்ந்து பீங்கானின் நுண்மணிகளை ஒரே திசையில் அடுக்கி 416 வரை கொண்டுவந்தார்கள். நம் ஊரில் அதற்கு எதிரி ஈரம். பொட்டாசியம் கார்பனேட்டைத் தராசில் வைத்துவிட்டுப் பார், எண் நிற்காது, காற்றிலிருந்து நீரை உறிஞ்சி ஏறிக்கொண்டே போகும். ஒரு நவம்பர் மழையில் இதைக் கவனிக்காமல் எடை போட்டேன். சுட்ட வில்லைகள் பார்க்க அழகாக இருந்தன, டப்பாவில் போட்டு வைத்தேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தால் ஓரமெல்லாம் பிசுபிசுத்து, நனைந்த மாரி பிஸ்கட் மாதிரி விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. பொடியை முதலில் 200 டிகிரியில் காயவை. ஈரம் புகாத மூடிய பாத்திரத்தில் ஆறவிட்டு, எடுத்த உடனே எடை போடு.

ஒரு கடைக்காரர்: ஊசி குத்தாமல் இனிப்பு நீர் பார்க்கும் கடிகாரம் வாங்கலாமா?

வேண்டாம் அண்ணே. 2024 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்தது: ஊசி இல்லாமல் தானே சர்க்கரை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் அது அனுமதி கொடுக்கவில்லை. தப்பான எண்ணை நம்பி இன்சுலின் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

இன்னொருவர்: அல்ட்ராசவுண்ட் மோதிரத்தில் இனிப்பு நீர்...

மேலே பாருங்கள்.

ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்: நம் கிந்தா பள்ளத்தாக்கு அமாங்கிலேயே (ஈயம் அலம்பியபின் மிஞ்சும் மணல்) கே.என்.என்.-க்கு வேண்டிய நியோபியம் இருக்கிறதே. நாமே எடுத்து கே.என்.என். செய்யலாமே?

சார், நீங்கள் சொல்வது சரி. ஈயம் அலம்பிய மிச்சத்தில் நியோபியம் உள்ள கொலம்பைட், ஸ்ட்ருவரைட் தாதுக்கள் இரண்டும் உண்டு. ஆனால் அதே மணலில் மோனசைட் என்ற தாதுவும் இருக்கிறது, அதற்குள் கதிர்வீச்சு வீசும் தோரியம்.

இந்தப் பதிலுக்குப் பிறகு ஏழெட்டுப் பேர் மோதிக்கொண்டார்கள். "பிள்ளைகளுக்கு வேலை வேண்டாமா?" என்றார் ஒருவர். "புக்கிட் மேராவை மறந்தாச்சா?" என்றார் இன்னொருவர். நான் மறக்கவில்லை. அமாங் மோனசைட்டைப் பதப்படுத்திய ஆலையை எதிர்த்து ஈப்போ அருகிலுள்ள புக்கிட் மேரா மக்கள் 1985-இல் வழக்குப் போட்டார்கள். 1992-இல் ஈப்போவில் வென்று, மேல்முறையீட்டில் தோற்று, ஆலை 1994-இல்தான் மூடியது. 'காரீயம் இல்லை' என்று ஒட்டிவிட்டால் பொருள் சுத்தமாகிவிடாது. 2016-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தபோது, நியோபியம் எடுப்பதால் கே.என்.என். பல வகைகளில் பி.இசட்.டி.யை விட அதிகச் சுமை தந்தது. வேலை கேட்ட தம்பிக்கு ஒன்று சொல்கிறேன்: காகிதத் தாள் தடிப்பில் 5 மில்லிமீட்டர் அகல உணரி வில்லைக்கு 15 மில்லிகிராம் கே.என்.என். கூடத் தேவைப்படாது. அதற்காக மணலைக் கிளற வேண்டியதில்லை. வில்லை செய்யவும், பூசவும், சோதிக்கவும் கற்றுக்கொண்டால் வேலை அங்கே இருக்கிறது.

மூன்றாவது ஆள்: அக்கா, சர்க்கரை கடிகாரம்...

தயவுசெய்து இதை மறுபடி கேட்காதீர்கள். விரலில் குத்திப் பாருங்கள்.

செம்பனைத் தோட்ட மண்டோர்: எலிச் சிறுநீர்க் காய்ச்சலை இந்த உணரி காட்டுமா?

வழி அதேதான், எதிர்ப்புரதத்தை மாற்றினால் போதும். சிக்கல் பியசோவில் இல்லை அண்ணே, இரத்தத்தில் இருக்கிறது. அதிலுள்ள மற்றப் புரதங்களும் வந்து ஒட்டி எடையைக் கூட்டிவிடும். கையில் பிடிக்கும் கருவி வரும் என்று காத்திருக்க வேண்டாம். பூட்ஸ் போடாமல் ஆளை வேலைக்கு இறக்காதீர்கள். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே கிளினிக்குக் கூட்டிப் போய், தோட்ட வேலை, தண்ணீரில் நின்றவர் என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.