பிஎச்.டி. முடித்துவிட்டு கம்பெனி வேலைக்குப் போனால் மதிப்பு இருக்கிறதா?

கேள்வி: கரிம வேதியியலில் பிஎச்.டி. நான்காம் ஆண்டில் இருக்கிறேன். இரண்டு பேப்பர் வெளிவந்துவிட்டன. கல்லூரியில் பாடம் நடத்தும் வேலையில் எனக்கு விருப்பமில்லை. என்னோடு எம்.எஸ்சி. படித்தவர்கள் ஹைதராபாத் மருந்து கம்பெனிகளில் சேர்ந்து நான்கைந்து வருட அனுபவத்தோடு இருக்கிறார்கள். பாதியில் விட்டுவிட்டு நானும் கிளம்பட்டுமா? முடித்துவிட்டுப் போனால், படிப்பு அதிகம் என்று ஒதுக்கிவிடுவார்களா? (மதுரையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: விடாதீர்கள், முடியுங்கள். இதையே நீங்கள் முதல் வருடத்தில் கேட்டிருந்தால் இவ்வளவு சட்டென்று சொல்லியிருக்க மாட்டேன். இப்போது வெளியே வந்தால் உங்களிடம் இருப்பது எம்.எஸ்சி. சான்றிதழ்தான். ஆய்வகத்தில் கழித்த நான்கு வருடத்தை முழு அனுபவமாகக் கணக்கில் எடுக்கும் கம்பெனிகள் குறைவு. கடைசி வருடத்தை விட்டால் முந்தைய நான்கும் வீண்.

ஒதுக்கிவிடுவார்களா என்ற பயம் முழுக்கத் தவறில்லை. தரக் கட்டுப்பாட்டில் ஹெச்பிஎல்சி (மருந்தின் தூய்மையைச் சோதிக்கும் கருவி) ஓட்டுவதற்கோ உற்பத்திப் பிரிவு ஷிப்டுக்கோ விண்ணப்பித்தால், இவர் ஆறு மாதத்தில் போய்விடுவார் என்றுதான் நினைப்பார்கள். அங்கே எம்.எஸ்சி.யே போதும். ஆய்வு மற்றும் வளர்ச்சிப் பிரிவில் கதை வேறு. பெங்களூரு சின்ஜீன், ஹைதராபாத் அராஜென் போன்ற, மற்ற கம்பெனிகளுக்காக ஆய்வு செய்துகொடுக்கும் ஒப்பந்த ஆய்வு நிறுவனங்களில் மூலக்கூறு செய்துகொடுக்கும் கைகள் நிறையத் தேவை. ஆனால் எந்த மூலக்கூறை எந்த வழியில் செய்வது, மூன்று முறை தோற்ற வினையை விடுவதா தொடர்வதா என்று முடிவெடுக்கும் இடத்துக்கு பிஎச்.டி. பட்டம் பெற்றவர்களைத்தான் முதலில் பார்ப்பார்கள். எம்.எஸ்சி.யோடு சேர்ந்தவரும் அங்கே போகலாம், போயிருக்கிறார்கள். வருடங்கள் கூடுதலாக ஆகும்.

பணக் கணக்கையும் நேராகப் பார்த்துவிடுவோம். ஆய்வு மாணவர்களுக்கான உதவித்தொகை, 2023 ஜனவரி முதல், முதல் இரண்டு வருடம் (ஜே.ஆர்.எஃப்.) மாதம் 37,000, அதன் பிறகு (எஸ்.ஆர்.எஃப்.) 42,000 ரூபாய். இது கிடைக்கிறவர்களுக்கே ஐந்தாம் வருட முடிவில் நின்றுவிடும். உங்கள் தோழிகள் இதற்குள் சேர்த்த சேமிப்பை முதல் இரண்டு வருடத்தில் நீங்கள் எட்டிப் பிடிக்க முடியாது. பிஎச்.டி.யின் பலன் தொடக்கச் சம்பளத்தில் ஓரளவுதான் தெரியும். முப்பத்தைந்து வயதில் என்ன பொறுப்பில் இருப்பீர்கள் என்பதில்தான் வித்தியாசம் பெரிது.

நேர்முகத் தேர்வில் பலர் சறுக்குவது எங்கே தெரியுமா? பேப்பரில் உள்ளதை அப்படியே ஒப்பிப்பார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் கேட்பது இதுதான்: “50 மில்லிகிராமில் செய்திருக்கிறீர்கள், சரி. இதையே ஐந்து கிலோ செய்யச் சொன்னால்?” அப்போது ஆய்வகத்தில் சாதாரணமாக வைக்கும் மைனஸ் 78 டிகிரி வெப்பநிலை செலவு பிடித்த விஷயமாகிவிடும். 35 டிகிரியிலேயே கொதித்து எளிதில் தீப்பிடிக்கும் டைஎதில் ஈதர் என்ற கரைப்பானைத் தொழிற்சாலையில் விரும்ப மாட்டார்கள். தீசிஸ் முழுக்க நீங்கள் நம்பியிருந்த காலம் குரோமட்டோகிராஃபி (குழாய் வழியாக ஓடவிட்டுப் பொருள்களைப் பிரிக்கும் முறை) அங்கே பெரிய தலைவலி. படிகமாக்கிச் சுத்தம் செய்ய முடியுமா என்றுதான் கேட்பார்கள். மீதமிருக்கும் மாதங்களில் உங்கள் வினைகளில் ஒன்றை எடுத்து, காலம் குரோமட்டோகிராஃபி இல்லாமல், சாதாரணக் கரைப்பானில், பத்து கிராம் அளவில் செய்து பாருங்கள். கைடு சம்மதித்தால் கடைசி அத்தியாயத்திலேயே சேர்க்கலாம். விளைச்சல் (கிடைக்கும் பொருளின் அளவு) குறைந்தாலும் பரவாயில்லை. ஏன் குறைந்தது என்று பத்து நிமிடம் பேச முடிந்தால், இரண்டு பேப்பரைவிட அது அதிகம் பேசும்.

ரெஸ்யூமேயும் அப்படித்தான். தீசிஸ் தலைப்பை மூன்று வரிக்கு எழுதி முதலில் வைக்காதீர்கள். “புதிய ஹெட்டிரோசைக்கிள்களின் தொகுப்பு” என்ற வரிக்குப் பதில், எத்தனை படிகள், எந்தப் படி சிக்கல் கொடுத்தது, என்ன மாற்றியதும் விளைச்சல் எவ்வளவு கூடியது என்று எழுதுங்கள். மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் தரவை நீங்களே படித்து அதைத் தீர்மானித்திருந்தால் அதையும் சொல்லுங்கள். ஜூனியர்களுக்கு வேலை கற்றுக்கொடுத்ததைப் பலர் எழுதுவதே இல்லை. குழுவை நடத்த ஆள் தேடுகிறவருக்கு அது முக்கியமான தகவல்.

ஆய்வகமே வேண்டாம் என்று தோன்றினால் காப்புரிமைத் துறை இருக்கிறது. காப்புரிமை முகவர் தேர்வு எழுத அறிவியல் பட்டமே போதும், பிஎச்.டி. தேவையில்லை. ஆனால் மருந்து மூலக்கூறில் எதற்கு உரிமை கேட்கிறோம் என்ற கோரிக்கைகளை எழுதும் இடத்தில் உங்கள் படிப்பு நேரடியாகப் பயன்படும்.

வீட்டில் “அப்புறம் கல்லூரி வேலை கைவிட்டுப் போகாதா?” என்று கேட்கலாம். 2023 ஜூலையில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதியைத் திருத்தி, உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு நெட், செட் போன்ற தகுதித் தேர்வுகளில் தேர்ச்சியைக் குறைந்தபட்சத் தகுதியாக்கியது, பிஎச்.டி. கட்டாயமில்லை. நெட் எழுதி வைத்திருந்தால் அந்தக் கதவு திறந்தே இருக்கும்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். வேலை கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்று போஸ்ட்டாக்கில் (பிஎச்.டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி) சேராதீர்கள். கம்பெனிதான் இலக்கு என்றால் சினாப்சிஸ் (தீசிஸின் சுருக்கம்) கொடுக்கும்போதே விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். தீசிஸ் சமர்ப்பித்துவிட்டு வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) காத்திருப்பவர்களையும் பல நிறுவனங்கள் எடுக்கின்றன. சமர்ப்பித்ததற்கான கடிதத்தைப் பல்கலைக்கழகத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். வைவாவுக்கு விடுப்பு வேண்டும், பட்டம் வந்ததும் பதவியும் சம்பளமும் எப்படி மாறும் என்ற இரண்டையும் சேருவதற்கு முன்பே பேசி, பணி ஆணையில் எழுதச் சொல்லுங்கள்.