கேள்வி–பதில்: குடுவையில் மங்கிய ஒளி செல்லுக்குள் மங்காதது ஏன்?

கேள்வி: சிட்ரிக் அமிலம், எத்திலீன்டைஅமீன் வைத்து ஆட்டோகிளேவில் (அழுத்தத்தில் சூடாக்கும் மூடிய கலன்) கார்பன் டாட் (ஒளிரும் கார்பன் நானோதுகள்) செய்தேன். செல்லுக்குள் இருக்கும் இரும்பைக் கண்டறியத்தான். காய்ச்சி வடித்த நீரில் ஃபெர்ரிக் குளோரைடு விட்டால் நீல ஒளி மங்குகிறது. ஹீலா செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய்ச் செல்கள்) டாட்டை ஏற்றி, பாஸ்பேட் பஃபரில் அதே இரும்பைச் சேர்த்தால் அசைவே இல்லை. தப்பு எங்கே?
– முதுகலை மாணவி, காரைக்குடி

பதில்: தண்ணீர்ச் சோதனையிலேயே தப்பு தொடங்கிவிட்டது. ஃபெர்ரிக் குளோரைடு நீரை அமிலமாக்கும், அதுவும் டாட்டின் ஒளியை மாற்றலாம். 400 நானோமீட்டருக்குக் கீழுள்ள ஒளியை இரும்பே உறிஞ்சும். டாட்டுக்குப் போகவேண்டிய ஒளியை வழியிலேயே இரும்பு தின்றாலும் மங்கலாகத்தான் தெரியும்.

7.4 பிஎச் பாஸ்பேட் பஃபரில் நிலைமை வேறு. இரும்பு பாஸ்பேட்டாகவும் ஹைட்ராக்சைடாகவும் திரிந்துவிடும். குழாயை வெளிச்சத்தில் பிடியுங்கள், கலங்கல் தெரியும். அப்படித் திரிந்த இரும்பு செல்லுக்குள் சரியாகப் போகாது. போகிற கொஞ்சத்தையும் செல்லுக்குள் இயல்பாக உள்ள குளூட்டாதயோன் என்ற சேர்மம் பெரும்பாலும் ஃபெர்ரிக் (Fe³⁺) நிலையிலிருந்து ஃபெர்ரஸாக (Fe²⁺) மாற்றிவிடும். எனவே, 5 மில்லிமோலார் குளூட்டாதயோன் கலந்து பிஎச் 7.4-க்குத் திருத்திய ஹெப்பீஸ் பஃபரில், அன்றன்றே கரைத்த ஃபெர்ரஸ் அம்மோனியம் சல்பேட்டை விட்டுப் பாருங்கள். இதில் மங்காத டாட்டைச் செல்லில் நம்ப வேண்டாம்.

செல்லுக்கு ஃபெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட்டே நல்லது: ஊடகத்தில் 100 மைக்ரோமோலார், ஓர் இரவு. கழுவிப் படம் எடுத்தபின், இரும்பைப் பிடித்துக்கொள்ளும் பைபிரிடிலை 100 மைக்ரோமோலார் சேருங்கள். ஒளி திரும்பினால்தான் மங்கியது இரும்பால் என்று துணிந்து எழுதலாம்.

இன்னொன்று, நீலம். செல்லில் இயல்பாகவே உள்ள என்ஏடிஎச் என்ற மூலக்கூறும் 460 நானோமீட்டர் அருகே ஒளிரும். டாட் ஏற்றாத செல்லை அதே லேசர், அதே கெயினில் (கருவியின் ஒளிப் பெருக்க அளவு) கட்டாயம் படமெடுங்கள். டயாலிசிஸையும் (சிறு மூலக்கூறுகளைச் சவ்வுப் பை வழியே வெளியேற்றிச் சுத்தம் செய்வது) அவசரப்படுத்தாதீர்கள். 1000 டால்டன் பை, 48 மணி நேரம், அடிக்கடி நீர் மாற்றம். பைக்கு வெளியே உள்ள நீர் யுவி டார்ச்சில் இன்னும் நீலமாக ஒளிர்ந்தால், நீங்கள் அளப்பதில் பாதி சிறு மூலக்கூறின் ஒளியாக இருக்கலாம். இந்தச் செய்முறையில் அது நிறையவே உருவாகும்.

நீலத்தை விட்டுப் பச்சையாக ஒளிரும் டாட்டுக்கு மாற விரும்பினால் ஆர்த்தோ-ஃபீனிலீன்டைஅமீனை எத்தனாலில் கரைத்து 180 டிகிரியில் 12 மணி நேரம் வையுங்கள். 535 நானோமீட்டர் அருகே ஒளிரும். டெஃப்லான் கிண்ணத்தை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், சூடு ஆறாமல் திறக்காதீர்கள். மூலப்பொருள் நச்சு, கையுறை வேண்டும்.

கேள்வி: கந்தரப்பத்துக்குப் போடும் வெல்லத்திலும் இந்தத் துகள் உண்டாமே?
– வாசகர், தேவகோட்டை

பதில்: உண்டு. ரொட்டி, வெல்லம், கருக்கிய சர்க்கரை, பிஸ்கட் ஆகியவற்றில் ஒளிரும் கார்பன் நானோதுகள்கள் இருப்பதை குவாஹாட்டி ஐஐடி ஆய்வாளர்கள் 2012-இல் காட்டினார்கள். ஆனால் ஒளி மங்கல். உங்கள் வெல்லத்தை நம்பிச் செல் ஆய்வில் இறங்க வேண்டாம்.