ரீஃபண்டில் பங்கு கேட்பவரிடம் ரிட்டர்ன் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகன் துபாயில் வேலை பார்க்கிறான். அவன் பெயரில் இங்கே என்ஆர்ஓ (வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்தியாவில் வைக்கும் ரூபாய்க் கணக்கு) டெபாசிட் 5 லட்சம் ரூபாய் இருக்கிறது. 2025-26இல் வட்டி 35,000 ரூபாய் வந்தது. அதில் 10,920 ரூபாயை டிடிஎஸ் என்று பேங்கில் பிடித்துவிட்டார்கள். எங்கள் ஊரில் ரிட்டர்ன் போட்டுத் தரும் ஒருவர், வரும் பணத்தில் கால் பங்கு தனக்கு வேண்டும் என்கிறார். எல்ஐசி, மருத்துவச் செலவு எல்லாம் காட்டி இன்னும் கூடவே வாங்கித் தருகிறேன் என்றும் சொல்கிறார். மகனுடைய பாஸ்வேர்டைக் கேட்கிறார். கொடுக்கலாமா?
- கீழக்கரை வாசகர்

பதில்: கொடுக்காதீர்கள். முதலில் அந்த 'இன்னும் கூட' என்ற பேச்சைப் பார்ப்போம். பிடித்த வரிதான் திரும்ப வரும். பிடித்ததே 10,920 ரூபாய் என்றால், எதைக் காட்டினாலும் அதற்கு மேல் வராது. தாமதத்துக்காக மாதம் அரை சதவீத வட்டி வேண்டுமானால் சேரலாம், அவ்வளவுதான்.

அந்த 10,920 முழுவதும் திரும்ப வாங்க எதையும் காட்டவே வேண்டாம் என்பதுதான் விஷயம். என்ஆர்ஓ வட்டியில் பேங்க் எடுத்த எடுப்பிலேயே 30 சதவீத வரியும் அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரியும், ஆக 31.2 சதவீதம் பிடித்துவிடும். ஆனால் 2025-26க்குப் புதிய வரி முறையில் முதல் 4 லட்சம் வரை வரியே இல்லை. வெளிநாட்டில் இருப்பவருக்கும் இது உண்டு. இந்தியாவில் உங்கள் மகனுக்கு இந்த 35,000 மட்டும்தான் வருமானம் என்றால் பிடித்தது முழுக்க அவர் பணம். அதில் கால் பங்கு 2,730 ரூபாயை எதற்குக் கொடுக்க வேண்டும்? சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்டாக இருப்பவர் இப்படிப் பலனில் பங்கு கேட்பதற்கு அவர்கள் சட்டத்திலேயே தடை இருக்கிறது. வேலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே ஒரு தொகை சொல்பவரிடம் போங்கள். ஆடிட்டர் என்று போர்டு இருந்தால் உறுப்பினர் எண்ணைக் கேளுங்கள். உண்மையான ஆடிட்டர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இல்லாத செலவை எழுதிப் பணம் வாங்குவது வளைகுடாவில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களைத்தான் அதிகம் பாதிக்கும் என்பது என் கவலை. 2025 ஜூலையில் வருமான வரித் துறை தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் இப்படி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவர்களின் இடங்களைச் சோதனை போட்டது. இவர்களில் பலர் தாங்களே ஒரு தற்காலிக மெயில் ஐடியைத் திறந்து, மொத்தமாக ரிட்டர்ன் போட்டுவிட்டு, பிறகு அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். நோட்டீஸ் அந்த மெயிலுக்கு வரும், பிள்ளை துபாயில் ஒன்றும் தெரியாமல் இருப்பான். பொய்க் கணக்குக்கான அபராதம் தப்பிய வரியைப்போல இரண்டு மடங்கு வரை போகும். கேட்பது போட்டுக் கொடுத்தவரை அல்ல, பான் கார்டுக்காரரை.

அதனால் மெயில் ஐடியும் போன் நம்பரும் மகனுடையதாகவே இருக்கட்டும். துபாய் நம்பரையே பதிவு செய்யலாம். பாஸ்வேர்டை அவர் வைத்துக்கொண்டு, ஓடிபியை மட்டும் அந்த நேரத்தில் சொன்னால் போதும். படிவம் ஐடிஆர்-2 தானா என்று பாருங்கள், வெளிநாட்டில் இருப்பவருக்கு ஐடிஆர்-1 செல்லாது. வேலை முடிந்ததும் ரிட்டர்ன் நகல், ஒப்புகைச் சீட்டு, கணக்குத் தாள் மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், ரிட்டர்ன் போட்ட 30 நாளுக்குள் இ-வெரிஃபை, அதாவது அது தன்னுடையதுதான் என்று ஆன்லைனில் உறுதி செய்ய வேண்டும். இங்கே பலர் கோட்டை விடுவது இதில்தான். ஆதாரில் இருக்கும் ஊர் சிம் ரீசார்ஜ் இல்லாமல் போயிருந்தால் ஓடிபி வராது. நெட் பேங்கிங் வழியாகச் செய்யலாம், இல்லையென்றால் ஒப்புகையில் அவர் கையெழுத்துப் போட்டு வருமான வரித் துறையின் பெங்களூரு அலுவலகத்துக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பலாம்.

அடுத்த வருஷத்துக்கு ஒன்று. அமீரகத்தில் வரி வசிப்புச் சான்றிதழ் (வரிக்கு அவர் அந்த நாட்டில் வசிப்பவர் என்ற சான்று) வாங்கிப் பேங்கில் கொடுத்தால், இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி வட்டியில் 12.5 சதவீதம்தான் பிடிப்பார்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை நான். பென்ஷனும் டெபாசிட் வட்டியும் சேர்த்து வருஷம் 7 லட்சம் வரும். ஆடிட்டர் அவசியமா?
- மண்டபம் வாசகி

பதில்: அவசியமில்லை, அம்மா. புதிய முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி போக உங்களுக்கு வரி வராது. ஆனால் வருமானம் 4 லட்சத்தைத் தாண்டுவதால் ரிட்டர்ன் போட்டாக வேண்டும். ஐடிஆர்-1இல் பென்ஷன் விவரம் பெரும்பாலும் தானாகவே வந்திருக்கும். வட்டியை மட்டும் பேங்க் பாஸ்புக்கோடு ஒத்துப் பாருங்கள். டிடிஎஸ் பிடிக்காத வட்டியையும் சேர்க்க வேண்டும். நிலம் விற்ற வருஷம் வந்தால் அப்போது ஆடிட்டரிடம் போங்கள், அது வேறு கணக்கு.

கேள்வி: கருவாடு வியாபாரம் செய்கிறேன். லோனுக்கு மூன்று வருஷ ரிட்டர்ன் கேட்கிறார்கள். மூன்றையும் ஒரே நாளில் போட்டுத் தருகிறேன் என்கிறார் ஒருவர். நடக்குமா?
- பாம்பன் வாசகர்

பதில்: அப்படி நடக்காது. தாமத ரிட்டர்னுக்கான கடைசி நாளான டிசம்பர் 31 தாண்டிப்போன பழைய வருஷங்களுக்கு 'அப்டேட்டட் ரிட்டர்ன்' என்று ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் கட்ட வேண்டிய வரி இருந்தால்தான், வரிக்கு மேல் கூடுதல் தொகையும் கட்டித்தான் போட முடியும். லோனுக்காக வருமானத்தை ஏற்றிக் காட்டினால் அந்த வரி உங்கள் கையை விட்டுத்தான் போகும். இந்த வருஷத்தை, சிறு வியாபாரிகளுக்கான ஐடிஆர்-4 படிவத்தில் நேர்மையாகப் போடுங்கள். விற்பனையில் ரொக்கமாக வந்ததற்கு 8 சதவீதம், பேங்க் வழியாக வந்ததற்கு 6 சதவீதம் லாபம் என்று காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் கேட்க மாட்டார்கள். ரிட்டர்ன் ஒன்றுதான் இருக்கிறது என்பதை பேங்க் மேனேஜரிடம் நேரில் சொல்லி, ஏலக்கூடத்து ரசீதுகளையும் கணக்கு ஸ்டேட்மென்டையும் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.