பால் பைத்தானும் பழைய தேதிக் கடிதமும்

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் 2022 முதல் பால் பைத்தான் (Ball Python) என்ற வெளிநாட்டுப் பாம்பு ஒன்றை வளர்க்கிறேன். விஷமில்லாதது. ஆனாலும் சங்கத்தினர் வாட்ஸ்அப் குழுவில் ‘பாம்பாட்டி’ என்று கேலி செய்கிறார்கள். நான் லிஃப்டில் ஏறினால் இறங்கிவிடுகிறார்கள். வனத்துறைக்குப் புகார் கொடுப்போம் என்று மிரட்டுகிறார்கள். மானநஷ்ட வழக்குப் போடலாமா? (நண்பரிடம் வாங்கியது, ரசீது இல்லை. போன வருடம் பொரித்த குட்டிகளில் இரண்டை நண்பர்களுக்குக் கொடுத்தேன்.)

பதில்: போடாதீர்கள். கேலி, லிஃப்ட் எல்லாம் இருக்கட்டும். சட்டத்துக்கு வேண்டியதை அடைப்புக்குறிக்குள் ஒளித்திருக்கிறீர்கள்.

2022 திருத்தத்தால் இந்தப் பாம்பு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் (சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட உயிரினங்களின் பட்டியல்) வந்துவிட்டது. 49எம் பிரிவின்படி பதிவு கட்டாயம். 2024 பிப்ரவரியில் வந்த விதிகள் ஆறு மாதம் அவகாசம் தந்தன. அந்தப் பதிவைச் செய்யும் அரசு இணையதளம் ‘பரிவேஷ்’; உங்கள் கடிதத்தில் அந்தச் சொல்லே இல்லை, ஆகவே பதிவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். குட்டி பொரித்ததையும் கைமாற்றியதையும்கூடத் தெரிவித்திருக்க வேண்டும். இந்த நிலையில் மானநஷ்ட வழக்கு என்றால், நீங்களே கூண்டேறி ‘ஆமாம், வளர்க்கிறேன்’ என்று சாட்சி சொல்வதுதான்.

அடுத்து என்ன செய்வீர்கள் என்று தெரியும். ரசீதுக்குப் பதிலாக நண்பரிடம் முன்தேதியிட்டு ஒரு கடிதம் வாங்குவீர்கள். என்னிடம் வந்த ஒருவர் அதை இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி வாங்கியிருந்தார். தாளைத் திருப்பினால் விற்பனையாளரின் சீல். அதிலிருந்த தேதி, கடிதத்தின் தேதிக்கு ஏழு மாதம் பிந்தியது! பணம் கட்டி முடித்திருக்க வேண்டிய விவகாரம் போலி ஆவண வழக்காகவும் வளர்ந்தது. இன்னொருவர் விசாரணைக்குத் தனியாகப் போய், ‘பிள்ளை மாதிரி வளர்க்கிறேன் சார்’ என்று ஆரம்பித்து, யார் யாருக்குக் குட்டி கொடுத்தார் என்பதுவரை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். வனத்துறை அதிகாரி போலீஸ் அல்ல. அவரிடம் தந்த வாக்குமூலம் போலீஸ் வாக்குமூலம்போல நீதிமன்றத்தில் அடிபட்டுப்போகும் என்று நம்பாதீர்கள்.

நம்மூர் மலைப்பாம்பாக இருந்தால் முதல் அட்டவணை, குறைந்தது மூன்றாண்டு சிறை, சமரசத்துக்கு வழியில்லை. உங்களுடையதற்குக் குறைந்தபட்ச தண்டனை கிடையாது. 54-ஆம் பிரிவின்கீழ் தொகை கட்டி முடித்துக்கொள்ளக் கேட்கலாம். உச்சவரம்பு ஐந்து லட்சம். கட்டினாலும் பாம்பு உங்களிடமே இருக்கும் என்று நான் உறுதி தரமாட்டேன்.

புகார் போகுமுன் வழக்கறிஞர் மூலம் நடந்ததை நடந்தபடி எழுதி வனத்துறைக்கு விண்ணப்பியுங்கள். பயத்தில் பாம்பைக் காட்டில் விட்டுவிடாதீர்கள். குட்டி வாங்கிய இருவரையும் உடன் அழைத்துப் போங்கள், அவர்கள் கதை வேறாக இருந்தால் உங்கள் விண்ணப்பம் நிற்காது. சங்கத் தலைவரிடம் இன்றே பேசி, பாம்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு லிஃப்டில் வரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.