இன்டர்ஃபெரானை முடக்குவது ஏன்?

கேள்வி: வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரானையே என் மகள் ஆய்வுக்கூடத்தில் ஆன்டிபாடி போட்டு முடக்குகிறாளாம். இது என்ன கூத்து?
– ஒரு வாசகி, வெலிங்டன், நீலகிரி

பதில்: கூத்தல்ல அம்மா, விசாரணை. 1957-இல் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற விஞ்ஞானிகள் அறிவித்த இன்டர்ஃபெரான், செல்லின் மேலுள்ள ஏற்பியில் (சேதி வாங்கும் புரதத்தில்) போய் அமர்ந்தால்தான் வேலை செய்யும். ஆன்டிபாடி முந்திக்கொண்டு அதைப் பிடித்துவிடும். அதன்பின் வைரஸ் பெருகினால், இதுவரை காத்தது இன்டர்ஃபெரான்தான் என்று பிடிபட்டுவிடும்.

ஆனால் மனித ஆல்ஃபா இன்டர்ஃபெரானில் மட்டும் 12 வகைப் புரதங்கள். ஒற்றை மோனோகுளோனல் (ஒரே இலக்கைப் பிடிக்கும், ஒரே மாதிரியான ஆன்டிபாடி) அத்தனையையும் மடக்கும் என்று விலைப்பட்டியலை நம்பி வாங்கிவிடக் கூடாது. செல்களை வளர்க்கும் தட்டின் பக்கத்துக் குழியில், இன்டர்ஃபெரானைப் பிடிக்காத அதே வகை ஆன்டிபாடியையும் விட்டு ஒப்பிட வேண்டும். குன்னூரில் வேலை பார்த்த காலத்தில் இளைஞர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வறண்டது. ஆன்டிபாடிக் குப்பியில், கெடாமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் அசைடு கலந்திருக்கிறதா என்றும் மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அது செல்களுக்கே நஞ்சு.